போர்டுல பேர் எழுதுறது யாரு? – ஸ்கூல்ல 'நன்னடத்தைத் திட்டம்' வேலை செய்யுதான்னு கண்டுபிடிக்கிறது எப்படி

(ஒலி எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றுச் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

முதல்ல ஒரு காட்சி. டீச்சர் ஸ்டாஃப் ரூமுக்குப் போறாங்க. போறதுக்கு முன்னாடி கிளாஸ் லீடரைக் கூப்பிட்டு, "பேசுறவங்க பேரை போர்டுல எழுதி வை"ன்னு சொல்லிட்டுப் போறாங்க. லீடர் கையில சாக்பீஸ். அடுத்த பத்து நிமிஷத்துக்கு அவன்தான் கலெக்டர். பேர் எழுதினதுக்கு அப்புறமும் பேசினா பக்கத்துல ஒரு பெருக்கல் குறி. இன்னும் பேசினா இன்னொண்ணு. டீச்சர் திரும்பி வந்து போர்டைப் பார்ப்பாங்க. விசாரணை எல்லாம் கிடையாது, நேரா தீர்ப்புதான்.

லீடரோட பெஞ்ச்மேட் பேர் அந்த போர்டுல என்னிக்காவது இருந்திருக்கா? யோசிச்சுப் பாருங்க.

நாலாம் வகுப்புல என் பேர் கிட்டத்தட்ட தினமும் இருந்துச்சு. நான் ரொம்பப் பேசுவேன், அது உண்மை. எனக்கும் லீடருக்கும் ஒரு கிரிக்கெட் பேட் தகராறு இருந்துச்சு, அதுவும் உண்மை. போர்டுல இருந்த பெருக்கல் குறிகள்ல என் வாய்க்கு எத்தனை, அந்த பேட்டுக்கு எத்தனைன்னு இன்னிக்கு வரைக்கும் யாராலயும் சொல்ல முடியாது. இன்னிக்கு எபிசோட் அந்தக் கணக்கைப் பத்தினதுதான். ஆனா நடக்கிற இடம் அமெரிக்கா.

என் பெரியம்மா பொண்ணு அங்க கிழக்குக் கடற்கரைப் பக்கம் இருக்காங்க. பையன் ரெண்டாம் வகுப்பு. கொஞ்ச நாள் முன்னாடி அக்கா ஒரு போட்டோ அனுப்பினாங்க. ஸ்கூல்ல பெற்றோர் கூட்டத்துல காட்டின ஸ்லைடு. ரெண்டே ரெண்டு தூண். போன வருஷம் 600, இந்த வருஷம் 420. மேல பெரிய எழுத்துல, எங்கள் நன்னடத்தைத் திட்டத்துக்கு வெற்றி, 30 சதவீதம் குறைவு. கீழ அக்காவோட வாய்ஸ் நோட்: "டேய், நீதான டேட்டா வேலை பாக்குற. இது நெஜமான்னு சொல்லு. ஏன்னா அந்த 420-ல மூணு நம்ம பையனோடது."

(எந்த ஸ்கூல்னு தெரியக் கூடாதுங்கிறதுக்காக எண்களைக் கொஞ்சம் மாத்தியிருக்கேன். விஷயம் மாறல.)

அது என்ன 600, என்ன 420? அமெரிக்கப் பள்ளிகள்ல ஒரு குழந்தை டீச்சரால சமாளிக்க முடியாத அளவுக்கு ஏதாவது பண்ணினா, ஒரு சீட்டு எழுதி பிரின்சிபால் ஆபீஸுக்கு அனுப்புவாங்க. 'ஆபீஸ் ரெஃபரல்'னு பேரு. நான் சீட்டுன்னே சொல்றேன். யாரு, எப்போ, எங்க, என்ன தப்பு, எல்லாம் அதுல இருக்கும். கம்ப்யூட்டர்ல ஏறிடும். நம்ம போர்டை மணி அடிச்சதும் அழிச்சுடுவாங்க. சீட்டை அழிக்க மாட்டாங்க.

திட்டத்தோட பேரு பி.பி.ஐ.எஸ். நேர்மறை நடத்தைக்கான தலையீடும் ஆதரவும்னு மொழிபெயர்க்கலாம், ஆனா அப்படிச் சொன்னா அரசாங்கச் சுற்றறிக்கை மாதிரி இருக்கு. ஒரிகன் பல்கலைக்கழகத்துல ராப் ஹார்னர், ஜார்ஜ் சுகாய் மாதிரி ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த முறை. 1997-ல மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அமெரிக்கக் கல்விச் சட்டத்தைத் திருத்தினப்போ இந்தச் சொற்கள் சட்டத்துக்குள்ளயே வந்துடுச்சு. இப்போ 25,000-க்கும் மேற்பட்ட பள்ளிகள்ல இருக்கு.

யோசனை ரொம்ப எளிமையானது. வாய்ப்பாடு சொல்லிக் குடுக்குற மாதிரி நடத்தையையும் சொல்லிக் குடு. ரூல்ஸ் மூணோ நாலோ போதும்: பாதுகாப்பா இரு, மரியாதையா இரு, பொறுப்பா இரு. அதுக்கு என்ன அர்த்தம்னு வராந்தாவுல, சாப்பாட்டு ஹால்ல, பாத்ரூம்ல, பஸ்ல தனித்தனியா நடிச்சுக் காட்டு. தப்பு பண்றவனைப் பிடிக்கிறதை விட, சரியா பண்றவனைப் பிடிச்சுப் பாராட்டு. பாராட்டுக்கு ஒரு குட்டி டிக்கெட். டிக்கெட் சேர்த்தா ஸ்கூல் கடையில பென்சில், ரப்பர் ஏதாவது வாங்கலாம். 80 சதவீதக் குழந்தைகளுக்கு இதுவே போதும், 15 சதவீதத்துக்குச் சின்னக் குழுவா கூடுதல் உதவி, மீதி 5 சதவீதத்துக்குத் தனிக் கவனம்னு ஒரு முக்கோணம் வரைவாங்க. எந்த ஸ்கூல் சுவரைப் பார்த்தாலும் அந்த முக்கோணம் ஒட்டியிருக்கும்.

பிரம்பு பார்த்து வளர்ந்த எனக்கு இது பொறாமையா இருக்கு. அதை ஒளிக்க விரும்பல. ஆனா நல்ல யோசனைங்கிறது வேற, வேலை செஞ்சுதாங்கிறது வேற.

சீட்டு எண்ணிக்கை குறைஞ்சா குழந்தைகள் மாறினாங்கன்னு அர்த்தமா? ஒரு சீட்டு பிறக்க மூணு விஷயம் நடக்கணும். குழந்தை ஏதாவது செய்யணும். ஒரு பெரியவர் அதைப் பார்க்கணும். பார்த்தவர் இது ஆபீஸுக்குப் போற அளவு தப்புன்னு முடிவு பண்ணணும். இதுல ரெண்டு பெரியவங்க கையில இருக்கு. மூணாவது ரொம்ப முக்கியம், ஏன்னா இந்தத் திட்டத்தை ஆரம்பிக்கும்போது எல்லா ஸ்கூலும் செய்ற முதல் வேலைகள்ல ஒண்ணு, எந்தத் தப்பை வகுப்புலயே முடிச்சுக்கணும், எதை ஆபீஸுக்கு அனுப்பணும்னு கோட்டைப் புதுசா போடுறது. நல்ல வேலைதான். ஆனா கோடு நகர்ந்த மறுநாளே எண்ணிக்கை விழும், ஒரு குழந்தைகூட மாறாம. தலைகீழாவும் நடக்கலாம். சீட்டு எழுதுறதைச் சுலபமாக்கினதால முதல் வருஷம் எண்ணிக்கை ஏறும். உடனே திட்டம் தோல்வின்னு யாராவது கிளம்புவாங்க.

மேலிடத்துல இருந்து எண்ணிக்கையைக் குறைன்னு அழுத்தம் வந்தா அது இன்னொரு கதை. சஸ்பெண்ட் பண்ணாம, "இன்னிக்குக் குழந்தைக்கு மனசு சரியில்ல, வந்து கூட்டிட்டுப் போங்க"ன்னு அம்மாவுக்கு போன் போடுவாங்க. குழந்தை வீட்டுல, பதிவேட்டுல ஒண்ணும் இருக்காது. இது அங்க அவ்வளவு சகஜம். 2022-ல அமெரிக்கக் கல்வித் துறை இதுக்கு 'முறைசாரா வெளியேற்றம்'னு பேர் வெச்சு எச்சரிக்கவே வேண்டியிருந்துச்சு.

காய்ச்சல் பிரச்சனையும் ஒண்ணு இருக்கு. காய்ச்சல் 103-க்குப் போகும்போதுதான் நாம டாக்டர்கிட்ட ஓடுறோம். பாதி நேரம் மறுநாள் தானாவே குறையும், பேர் மாத்திரைக்கு. ஸ்கூலும் அப்படித்தான். ரொம்ப மோசமான ஒரு வருஷத்துக்கு அப்புறம்தான் திட்டத்தைத் தேடிப் போகும். அடுத்த வருஷம் எதுவுமே பண்ணாட்டியும் கொஞ்சம் தணிஞ்சிருக்கும். அதனால ரெண்டு தூணை வெச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்ல முடியாது.

சரி, ஆய்வாளர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறாங்க? முதல் கேள்வி, திட்டம் உண்மையிலயே நடந்துச்சா. சிரிக்காதீங்க. போஸ்டர் ஒட்டினா திட்டம் வந்துடுச்சுன்னு நினைக்கிற இடம் உலகம் பூரா இருக்கு. இதுக்கு 28 கேள்விகள் உள்ள ஒரு அளவுகோல் இருக்கு. வெளியாள் ஒருத்தர் ஸ்கூலுக்கு வருவார். வராந்தாவுல போற 15 குழந்தைகளையாவது நிறுத்தி, ஸ்கூல் ரூல்ஸ் என்னன்னு கேட்பார். அவங்கள்ல 70 சதவீதம் பேராவது மூணுல ரெண்டு ரூலைச் சொல்லணும். கடந்த ரெண்டு மாசத்துல டிக்கெட் கிடைச்சுதான்னு குழந்தைகளை, குடுத்தீங்களான்னு டீச்சர்களைத் தனித்தனியா கேட்பார். எனக்கு ரொம்பப் பிடிச்சது இன்னொரு கேள்வி: எந்தத் தப்பை ஆபீஸுக்கு அனுப்பணும்னு பிரின்சிபால் நினைக்கிறதும் டீச்சர்கள் நினைக்கிறதும் ஒத்துப்போகுதா? மொத்தத்துல 80 சதவீதம், அதுலயும் நடத்தையைச் சொல்லிக் குடுக்குற பகுதியில 80 சதவீதம் எடுத்தாதான் திட்டம் நடக்குதுன்னு ஒத்துக்குவாங்க.

ரெண்டாவது, ஒப்பிட இன்னொரு ஸ்கூல் வேணும். இதுல பெரிய வேலை மேரிலாந்து மாநிலத்துல நடந்துச்சு. கேத்தரின் பிராட்ஷாவும் அவங்க குழுவும் 37 தொடக்கப் பள்ளிகளை எடுத்து, குலுக்கல் முறையில 21-க்குத் திட்டத்தைக் குடுத்தாங்க, 16-ஐ அப்படியே விட்டாங்க. குலுக்கல் ஏன்னா, ஆர்வமுள்ள பிரின்சிபால் இருக்குற ஸ்கூல் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துடக் கூடாது. 12,344 குழந்தைகளை 4 கல்வியாண்டுகள்ல 5 முறை டீச்சர்கள் மதிப்பிட்டாங்க. 2012-ல வந்த முடிவு: திட்டம் இருந்த பள்ளிக் குழந்தைகளுக்குச் சீட்டு கிடைக்கிற வாய்ப்பு 33 சதவீதம் குறைவு. கவனக் குறைபாடு, முரட்டுத்தனம் இதுலயும் முன்னேற்றம். மழலையர் வகுப்புல இருந்தே திட்டத்துல இருந்த குழந்தைகள்கிட்ட பலன் அதிகம்.

குலுக்கல்ல வந்த முடிவுங்கிறதால காய்ச்சல் பிரச்சனை இதுல இல்ல. இந்தத் திட்டத்துக்குப் பலன் இருக்குன்னு நான் நம்புறதுக்கு முக்கியக் காரணமே இந்த ஆய்வுதான். ஆனா மறுபடி கவனிங்க, மதிப்பிட்டது யாரு? அதே டீச்சர்கள். தன் ஸ்கூல்ல திட்டம் இருக்குன்னு தெரிஞ்ச டீச்சர்கள். குழந்தை மாறுச்சா, டீச்சரோட கண்ணு மாறுச்சா, ரெண்டும் சேர்ந்தா? சாக்பீஸ் இன்னும் லீடர் கையிலதான் இருக்கு.

கண்ணைப் பத்திச் சொன்னேன் இல்ல. யேல் பல்கலைக்கழகத்துல வால்டர் கில்லியம் குழு 2016-ல ஒரு சோதனை பண்ணினாங்க. மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வீடியோ. நாலு குழந்தைகள் விளையாடுறாங்க: கறுப்பினப் பையன், கறுப்பினப் பொண்ணு, வெள்ளையினப் பையன், வெள்ளையினப் பொண்ணு. சேட்டை ஆரம்பிக்கிற மாதிரி தெரிஞ்சா கண்டுபிடிங்கன்னு சொல்லிட்டு, அவங்க பார்வை எங்க போகுதுன்னு கருவி வெச்சு அளந்தாங்க. அதிக நேரம் போனது கறுப்பினப் பையன் மேல. அந்த வீடியோவுல சேட்டையே கிடையாது.

இது சீட்டுல எப்படித் தெரியுது? ரஸ்ஸல் ஸ்கிபா குழு, 2005–06 கல்வியாண்டுல 364 பள்ளிகளோட சீட்டுகளை எடுத்துப் பார்த்தாங்க. தொடக்கப் பள்ளியில கறுப்பினக் குழந்தைக்குச் சீட்டு கிடைக்கிற வாய்ப்பு வெள்ளையினக் குழந்தையைவிட 2.19 மடங்கு. நடுநிலைப் பள்ளியில 3.78 மடங்கு. இந்தச் சீட்டுகள் வந்தது பி.பி.ஐ.எஸ். பள்ளிகள் பயன்படுத்துற அதே பதிவு முறையில இருந்துதான். மொத்த எண்ணிக்கை அழகா இறங்கிட்டே இருக்கலாம், இந்த இடைவெளி அசையாம அப்படியே கிடக்கலாம். ரெண்டு தூண் ஸ்லைடுல அது தெரியவே தெரியாது.

அதே ஸ்கிபாவோட 2002-ஆம் ஆண்டு ஆய்வு ஒண்ணு. வெள்ளையின மாணவர்கள் ஆபீஸுக்குப் போனது சிகரெட், சொல்லாம வெளிய போறது, பொருளை உடைக்கிறது மாதிரி தப்புகளுக்கு. யார் பார்த்தாலும் தப்பு. கறுப்பின மாணவர்கள் போனது மரியாதைக் குறைவு, ரொம்பச் சத்தம், மிரட்டுற தொனி மாதிரி தப்புகளுக்கு. அது தப்பா இல்லையான்னு முடிவு பண்ண ஒரு ஆள் வேணும்.

இதைப் படிக்கும்போதுதான் அக்காவுக்கு போன் பண்ணினேன். "பையனோட மூணு சீட்டுலயும் என்ன எழுதியிருக்கு?"

"மூணுலயும் ஒண்ணேதான். மரியாதைக் குறைவு."

"என்ன பண்ணினான்?"

"டீச்சர் பேசும்போது முகத்தைப் பார்க்கலையாம்."

அக்கா வளர்ந்த வீடு எனக்குத் தெரியும். பெரியப்பா திட்டும்போது நிமிர்ந்து பார்த்தா, "என்ன முறைக்கிற?"ன்னு இன்னொரு ரவுண்டு விழும். தலையைக் குனிஞ்சுக்கணும். அதுதான் மரியாதை. அதைத்தான் பையனும் செஞ்சிருக்கான். அமெரிக்க வகுப்புல பேசுறவங்க கண்ணைப் பார்க்காம இருந்தா, நீ என்னை மதிக்கலன்னு அர்த்தம்.

நடுவுல ஒண்ணு, எப்பவும் வர்ற கேள்விங்கிறதால. டிக்கெட் குடுக்குறது லஞ்சம் மாதிரி இல்லையா? 1973-ல ஸ்டான்ஃபோர்டுல லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூணு பேரும் மழலையர் பள்ளியில ஒரு சோதனை செஞ்சாங்க. படம் வரைய ஏற்கெனவே ஆசைப்படுற குழந்தைகள்கிட்ட, வரைஞ்சா சான்றிதழ்னு முன்கூட்டியே சொன்னாங்க. பரிசு வாங்கினதுக்கு அப்புறம் அந்தக் குழந்தைகள் தானா வரையுற நேரம் பாதியாச்சு. பிடிச்ச வேலைக்குக் கூலி குடுத்தா ஆசை குறையுது. ஆனா வரிசையில நிக்கிறது யாருக்கும் பிடிச்ச வேலை இல்லையே. அதனால இந்தச் சோதனையை அப்படியே டிக்கெட் மேல தூக்கி வைக்க முடியாதுன்னு நினைக்கிறேன். அக்கா பையன்கிட்ட பதினொரு டிக்கெட் இருக்காம். செலவே பண்ண மாட்டேங்கிறானாம், பென்சில் டப்பாவுல வெச்சு எண்ணிட்டே இருக்கானாம். இதை எந்த ஆய்வுல சேர்க்கிறதுன்னு தெரியல.

சரி, அக்காவுக்கு நாலு கேள்வி எழுதிக் குடுத்தேன். ரெண்டு வருஷத்துலயும் ஸ்கூல்ல மொத்தம் எத்தனை குழந்தைகள்? எது ஆபீஸுக்குப் போற தப்புங்கிற விதி நடுவுல மாறுச்சா? சீட்டுகள் எந்த இடம், எந்த நேரம், எந்தத் தப்புன்னு பிரிச்சுத் தருவீங்களா? எந்தக் குழந்தைகளுக்குப் போகுதுன்னு குழுவாரியா தருவீங்களா? இதெல்லாம் ஸ்கூல்ல இருக்கும். அந்தப் பதிவு முறையோட நோக்கமே இந்த மாதிரி பிரிச்சுப் பார்க்கிறதுதான்.

பதில் வராதுன்னு நினைச்சேன். ரெண்டு வாரத்துல பிரின்சிபால் அட்டவணையோட பதில் போட்டாங்க. அவங்களைப் பத்தி நான் தப்பா நினைச்சிருந்தேன், அதையும் சொல்லிடறேன்.

போன வருஷம் 400 குழந்தைகள், இந்த வருஷம் 350. அப்போ ஒரு குழந்தைக்கு 1.5 சீட்டு, இப்போ 1.2. அதாவது 30 சதவீதம் இல்ல, 20. அடுத்தது, "சொன்னதைக் கேட்கல"ங்கிற தப்பை ஆகஸ்ட்ல இருந்து வகுப்புலயே முடிச்சுக்கச் சொல்லியிருக்காங்க. போன வருஷம் அந்த வகையில மட்டும் 90 சீட்டு, இந்த வருஷம் பூஜ்யம். நியாயமா ஒப்பிடணும்னா போன வருஷக் கணக்குல அந்த 90-ஐக் கழிக்கணும். 510 சீட்டு, 400 குழந்தைகள், தலைக்கு 1.275. அதுக்கு எதிரா 1.2. குறைஞ்சது சுமார் 6 சதவீதம்.

அப்போ திட்டம் டுபாக்கூரா? எனக்கு அப்படித் தோணல. ஒரு சீட்டுக்குக் குழந்தை வகுப்பை விட்டு 20 நிமிஷம் வெளிய நிக்குதுன்னு வெச்சுக்கோங்க. 180 சீட்டு குறைஞ்சா 60 மணி நேரம். மாறினது பெரியவங்க எழுதுற விதியாவே இருக்கட்டும், குழந்தைகள் குறைஞ்சதுல ஒரு பங்கும் இருக்கட்டும், மீதி நேரம் குழந்தை ஆபீஸ் வாசல்ல இல்லாம கணக்கு வகுப்புல உட்கார்ந்திருக்கு. அது நிஜம். "குழந்தைகள் நடத்தை 30 சதவீதம் மேம்பட்டது"ங்கிறதுதான் நிஜம் இல்ல. ஸ்லைடுல இருந்தது அந்த அர்த்தம்.

இடவாரியா பார்த்தா, சாப்பாட்டு வரிசைதான் முதல் இடம். 11:45-ல இருந்து 12:10 வரைக்கும். மூணு வகுப்பு ஒரே கதவுல நுழையுதாம். அந்த நேரத்தைப் பிரிக்கப் போறாங்களாம். இதுக்கு டிக்கெட்டும் வேண்டாம், முக்கோணமும் வேண்டாம். டைம் டேபிளை மாத்தினா போதும். குழுவாரி அட்டவணையில பல கட்டங்கள் காலி. ரொம்பச் சின்னக் குழுவா இருந்தா எந்தக் குழந்தைன்னு தெரிஞ்சுடும், அதனால தனியுரிமை கருதி மறைச்சிருக்காங்க. காரணம் சரிதான். ஆனா அக்கா பையன் இருக்கிறது அந்தக் காலிக் கட்டம் ஒண்ணுலதான்.

அப்புறம் அக்கா டீச்சரை நேர்ல பார்த்து, தலை குனியுற விஷயத்தைச் சொல்லியிருக்காங்க. டீச்சர் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலையாம். அப்புறம், மூணு சீட்டையும் எடுத்து வெச்சுப் படிச்சிருக்காங்க. ஏறின பதிவை அழிக்க முடியாது, குறிப்பு சேர்க்கலாம்னு சொல்லிச் சேர்த்திருக்காங்க.

நேத்து அக்காகிட்ட இருந்து இன்னொரு வாய்ஸ் நோட். பெரியம்மா இப்போ அங்கதான் இருக்காங்க, ஆறு மாச விசாவுல. "கண்ணைப் பார்த்துப் பேசுடான்னு இவனுக்குச் சொல்லிக் குடுத்தேன். நல்லாக் கத்துக்கிட்டான். நேத்து அம்மா ஏதோ திட்டினாங்க, அவங்களை அப்படியே நிமிர்ந்து பார்த்துட்டு நின்னான். இப்போ அம்மா எங்கிட்ட கேட்கிறாங்க, புள்ளைய என்னடி வளர்த்து வெச்சிருக்கேன்னு."